பழைய டிரம்மை மறுபடி பயன்படுத்தலாமா? கழுவும் முன் கேட்க வேண்டியதும், கழுவும் முறையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் காட்டில் இன்று டிரம் இல்லாத விவசாயி வீடு அரிது. ஜீவாமிர்தம் கரைக்க ஒன்று, பஞ்சகவ்யம் ஊற வைக்க ஒன்று, மருந்தடிக்கத் தண்ணீர் கொண்டுபோக ஒன்று, லாரித் தண்ணீர் பிடித்து வைக்க ஒன்று என்று எல்லா வேலைக்கும் 200 லிட்டர் நீல டிரம்தான். புதியது விலை கூடுதல் என்பதால் பெரும்பாலோர் பழைய இரும்புக் கடையில் வாங்குகிறோம். அல்லது கொட்டகையில் பல வருடம் கவிழ்ந்து கிடந்ததைத் தூக்கி நிறுத்திக் கழுவிக்கொள்கிறோம்.

பழைய டிரம்மைச் சீர்செய்து பயன்படுத்துவதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் ஒரு டிரம் தேறுமா தேறாதா என்பதை நீங்கள் எவ்வளவு தேய்த்துக் கழுவுகிறீர்கள் என்பது தீர்மானிப்பதில்லை. அதற்குள் முன்பு என்ன இருந்தது என்பதே தீர்மானிக்கிறது. இதைக் கேட்காமல் விட்டால் ஒரு போகப் பருத்தி வீணாகலாம். வீட்டில் உள்ளவர்களின் உடம்பும் கெடலாம்.

முதல் வேலை: டிரம்மின் பூர்வீகம்

கடையில் விலை பேசும் முன் லேபிளைத் தேடுங்கள். கிழிந்திருந்தாலும் ஓரத்தில் மிச்சம் இருக்கும். டிரம்மின் உடம்பிலோ மூடியிலோ எழுத்து பொறித்திருந்தால் அதையும் படியுங்கள்.

தாராளமாக வாங்கலாம்: ஊறுகாய், பழக்கூழ், சர்க்கரைப் பாகு, சமையல் எண்ணெய் போன்ற உணவுப் பொருள் வந்த டிரம்கள்.

குடிநீருக்கும் தானியத்துக்கும் கூடாது, எருக் கரைசலுக்கு மட்டும் ஆகும்: சோப்பு நீர், துணி சோப்பு மூலப்பொருள் போன்றவை வந்தவை. இவற்றையும் நன்றாகக் கழுவிச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

எதற்கும் கூடாது: பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூசணக்கொல்லி வந்தவை, பெயிண்ட், தின்னர், அச்சு மை வந்தவை, அமிலம், சாய ரசாயனம் வந்தவை, கழிவு எண்ணெய் வந்தவை, எது வந்தது என்றே தெரியாதவை.

கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். அருப்புக்கோட்டை நெசவும் சாயத் தொழிலும் உள்ள ஊர். பக்கத்துச் சிவகாசியில் அச்சகமும் பட்டாசுத் தொழிலும். அங்கெல்லாம் காலியாகும் டிரம்களும் பழைய இரும்புக் கடைக்குத்தான் வரும். "கழுவித்தான் வைத்திருக்கிறோம்" என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எதைக் கழுவினார் என்று அவருக்கே தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

டிரம்மின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருக்கும். அது இருந்தால் குடிநீருக்கு ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கிறது. பழக்கூழ் வந்த டிரம்மிலும் 2 இருக்கும், விஷம் வந்த டிரம்மிலும் அதே 2 இருக்கும்.

பூச்சிமருந்துக் கேன்களில் சாய்சதுரக் கட்டத்துக்குள் முக்கோணமாக நிறம் இருக்கும். சிவப்பு கடும் விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், பச்சை. பச்சை என்பது விஷம் குறைவு என்றுதான் பொருள்படும். பச்சை முக்கோணம் போட்ட கேனையும் வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது.

ஏன் கழுவினாலும் போகாது?

பிளாஸ்டிக் சுவர் கண்ணாடி போல முழுக்க அடைபட்டது இல்லை. எண்ணெய்த்தன்மை உள்ள மருந்துகளும் கரைப்பான்களும் அந்தச் சுவருக்குள் ஊறிப்போகும். மேலே உள்ளதைத்தான் நாம் கழுவுகிறோம். உள்ளே ஊறியது பிறகு நாம் ஊற்றி வைக்கும் தண்ணீரிலும் கரைசலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வெயில் ஏற ஏற இது வேகமாகும்.

நமது பகுதிக்கு இதில் பெரிய ஆபத்து 2,4-டி என்ற களைக்கொல்லி. மக்காச்சோளம், சோளம், நெல் இவற்றில் அகன்ற இலைக் களைகளுக்கு இதை அடிக்கிறோம். புல் வகைப் பயிர்கள் இதைத் தாங்கும். பருத்தி தாங்கவே தாங்காது. வயலில் அடிக்கும் அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பட்டாலே பருத்தி இலை குறுகி, விரல் விரலாகப் பிரிந்து, நரம்புகள் நெருங்கி, வெண்டை இலை போல ஆகிவிடும். சப்பையும் பூவும் உதிரும். உளுந்து, பாசிப்பயறு, சூரியகாந்தி, தக்காளி இவையும் பாதிக்கப்படும்.

மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி கரைத்த டிரம்மை இரண்டு தடவை அலசிவிட்டு, அதே டிரம்மில் பஞ்சகவ்யம் கலந்து பருத்திக்கு அடித்தால் இதுதான் நடக்கும். இலை சுருளும்போது வைரஸ் நோய் என்றோ சாறு உறிஞ்சும் பூச்சி என்றோ நினைத்து அதற்கு வேறு மருந்து வாங்குவோம். செலவு இரட்டிப்பாகும், செடி தேறாது. ஆகவே களைக்கொல்லிக்கு என்று டிரம், வாளி, தெளிப்பான் மூன்றையும் தனியாக வைத்து, மேலே சிவப்புப் பெயிண்டால் "களைக்கொல்லி" என்று எழுதிவிடுங்கள்.

டிரம்மின் உடல்நிலை

பூர்வீகம் சரியாக இருந்தால் அடுத்து உடம்பைப் பாருங்கள்.

வெயிலில் பல வருடம் கிடந்த டிரம்மின் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருக்கும். கையால் தடவினால் மாவு ஒட்டும். பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் மெல்ல உள்வாங்கித் திரும்பி வந்தால் நல்லது. படபடவென்று சத்தம் வந்தாலோ, மயிரிழை போல விரிசல் தெரிந்தாலோ அது 200 லிட்டர் பாரத்தைத் தாங்காது.

அடிப்பாகம் வெளியே பிதுங்கியிருந்தால், முன்பு உள்ளே வாயு அடைத்து அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அறியலாம். அதைத் தவிருங்கள்.

சிறு ஓட்டையை பி.வி.சி. குழாய்க்குப் போடும் பசையால் அடைக்க முடியாது. இந்த வகை பிளாஸ்டிக்கில் அந்தப் பசை ஒட்டாது. சூடான காற்றால் பிளாஸ்டிக் கம்பியை உருக்கி ஒட்டுபவர்களிடம் கொடுத்தால்தான் நிற்கும். ஓட்டை அடிப்பாகத்தில் என்றால் அந்தச் செலவும் வேண்டாம்.

கழுவும் முறை

மேல் மூடி முழுதாகத் திறக்கும் டிரம் கழுவ எளிது. சின்ன வாய் டிரம்முக்குள் கை போகாது. அதற்குத் தனி வழி கீழே உள்ளது. ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கிணறு, கண்மாய், ஊருணி ஆகியவற்றின் கரையில் கழுவாதீர்கள்.

1. கழற்றுதல்: மூடி, மூடியில் உள்ள ரப்பர் வளையம், அடியில் உள்ள குழாய், அதன் வாஷர் அனைத்தையும் கழற்றுங்கள். நாற்றமும் அழுக்கும் அதிகம் தங்குவது மரை இடுக்கிலும் வாஷருக்குப் பின்னாலும்தான்.

2. சுரண்டுதல்: காய்ந்த படிவு இருந்தால் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் மரக்கட்டையாலோ தேங்காய் மட்டையாலோ சுரண்டுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அது போடும் கீறல்களில் அடுத்த அழுக்கு ஏறும்.

3. சோடாக் குளியல்: கொதிக்கும் தண்ணீர் 10 லிட்டர், பச்சைத் தண்ணீர் 10 லிட்டர் கலந்து, அதில் அரை கிலோ சலவை சோடாவைக் கரையுங்கள். கொதிநீரை அப்படியே ஊற்றினால் பிளாஸ்டிக் இளகும். இந்தக் கரைசலை ஊற்றி, தேங்காய் நாரால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். பிறகு டிரம்மைப் படுக்க வைத்து, கால் மணிக்கு ஒரு முறை கொஞ்சம் உருட்டி, எல்லாப் பக்கமும் நனையும்படி இரண்டு மணி நேரம் வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் பழைய கரைசலின் வழுவழுப்பும் இதில் விட்டுவிடும்.

சின்ன வாய் டிரம்முக்கு இதே சோடாக் கரைசலுடன் இரண்டு மூன்று கிலோ உருண்டைக் கூழாங்கல் போட்டு, மூடியை இறுக்காமல் லேசாகத் திருகி, தரையில் பத்து நிமிடம் முன்னும் பின்னும் உருட்டுங்கள். நாம் தேய்க்க முடியாத இடத்தைக் கல் தேய்க்கும்.

4. அலசுதல்: தண்ணீர் பஞ்சம் உள்ள நமக்கு ஒரு கணக்கு உதவும். கவிழ்த்த பிறகும் டிரம்மில் ஒரு லிட்டர் அழுக்குத் தண்ணீர் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 லிட்டர் நிரப்பி ஒரே தடவை அலசினால் அந்த அழுக்கு ஏறக்குறைய 200 மடங்கு நீர்க்கும். வெறும் 10 லிட்டர் ஊற்றி உருட்டிக் கவிழ்ப்பதை மூன்று தடவை செய்தால் 1,300 மடங்குக்கு மேல் நீர்க்கும். 30 லிட்டரில் முடிகிற வேலை இது. ஒவ்வொரு முறையும் கடைசிச் சொட்டு வரை கவிழ்ப்பதுதான் முக்கியம்.

5. உப்புப் படிவு: ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் நின்ற டிரம்மில் வெள்ளைப் படிவு இருக்கும். சோடாவில் இது போகாது. 5 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்துத் துணியால் தடவி, அரை மணி நேரம் கழித்துத் தேய்த்து அலசுங்கள். பழைய புளிக் கரைசலும் ஆகும். கழிவறை ஆசிட் வேண்டாம். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் பயன்படுத்துங்கள்.

6. உலர்த்துதல்: வாய் கீழே பார்க்க, இரண்டு கல்லின் மேல் சாய்த்து, ஒரு முழு நாள் வெயிலில் உலர விடுங்கள். அதன் பிறகு நிழலுக்கு மாற்றிவிடுங்கள்.

பிளீச்சிங் பவுடர்: எங்கே வேண்டும், எங்கே கூடாது

இதைக் கவனமாகப் படியுங்கள். கோமியம் இருந்த டிரம்மைச் சரியாக அலசாமல் பிளீச்சிங் பவுடர் போட்டால் மூச்சை அடைக்கும் விஷவாயு கிளம்பும். எலுமிச்சை உப்பு, புளி, ஆசிட் ஆகியவற்றுடன் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். டிரம்முக்குள் தலையை விட்டுத் தேய்ப்பவருக்கு இது உயிர் ஆபத்து. எந்த இரண்டு பொருளையும் சேர்க்காதீர்கள். ஒன்றைப் போட்டு முழுக்க அலசிய பிறகே அடுத்தது. கண் எரிந்து இருமல் வந்தால் உடனே காற்றோட்டமான இடத்துக்கு விலகிச் செல்லுங்கள். மூச்சுத் திணறல் நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்ய டிரம்முக்குப் பிளீச்சிங் பவுடர் தேவையே இல்லை. நாம் வளர்க்க நினைக்கும் நுண்ணுயிரிகளையே அது கொன்றுவிடும். சோடா, அலசல், வெயில் மூன்றும் போதும்.

உணவுப் பொருள் வந்த டிரம்மைக் குடிநீருக்கு எடுக்கும்போது மட்டும் பிளீச்சிங் பவுடர் பயன்படுத்துங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கரைத்துத் தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் டிரம்மில் ஊற்றுங்கள். எல்லாப் பக்கமும் நனையும்படி அரை மணி நேரம் உருட்டி உருட்டி வைத்து, மூன்று முறை அலசுங்கள்.

வாஷர், குழாய், ஒழுகல் சோதனை

பழைய ரப்பர் வாஷரைக் கழுவித் திரும்பப் போடாதீர்கள். சில ரூபாயில் புதிது கிடைக்கும். குழாயின் மரையில் டெஃப்லான் டேப்பை மரை செல்லும் திசையிலேயே ஐந்தாறு சுற்று சுற்றி மாட்டுங்கள். பஞ்சகவ்ய டிரம்முக்குப் பித்தளைக் குழாய் வேண்டாம், பிளாஸ்டிக் குழாய் போடுங்கள். கரைசலின் புளிப்பு உலோகத்தை அரிக்கும். குழாயை அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் வைத்தால் கசடு அடைக்காது.

பிறகு டிரம்மைச் சமதளத்தில் வைத்து, முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விடுங்கள். அடியில் சாக்கு விரித்து வைத்தால் சிறு கசிவும் தெரிந்துவிடும். அந்தத் தண்ணீரைத் தென்னைக்கோ முருங்கைக்கோ பாய்ச்சாமல், அடுத்து வரும் சோதனை முடியும் வரை டிரம்மிலேயே வைத்திருங்கள்.

விதையை வைத்து ஒரு சோதனை

எருக் கரைசலுக்கு எடுக்கும் டிரம்மில் சந்தேகம் மிச்சம் இருந்தால் செடியிடமே கேட்டுவிடலாம். டிரம்மில் நின்ற தண்ணீரை இரண்டு நாள் கழித்து ஒரு வாளி எடுங்கள். ஒரே மண் நிரப்பிய தொட்டிகள் நான்கில் பத்துப் பத்துப் பருத்தி விதையோ உளுந்தோ ஊன்றுங்கள். இரண்டுக்கு டிரம் தண்ணீர், இரண்டுக்கு அதே தண்ணீரை வேறு நல்ல பாத்திரத்தில் பிடித்து ஊற்றுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். டிரம் தண்ணீர் ஊற்றியதில் முளைப்பு குறைந்தாலோ, தண்டு முறுகினாலோ, இலை சுருங்கினாலோ அந்த டிரம் வேண்டாம்.

இந்தச் சோதனை களைக்கொல்லி மிச்சத்தைக் காட்டும். மனிதருக்கும் மாட்டுக்கும் விஷமான பூச்சிமருந்து, செடியை ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். எனவே இதில் தேறிய டிரம்மை வைத்துக் குடிநீருக்கும் ஆகும் என்று முடிவு கட்டாதீர்கள். குடிநீருக்குப் பூர்வீகம் தெரிந்த உணவு டிரம் மட்டுமே.

எந்த வேலைக்கு எப்படி வைத்திருப்பது?

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம்: புளிக்கும்போது வாயு உண்டாகும். மூடியை இறுக்கி அடைத்தால் அழுத்தம் ஏறி, திறக்கும்போது மூடி முகத்தில் அடிக்கும். வாயில் சாக்கு அல்லது துணி கட்டி நிழலில் வையுங்கள். காலை மாலை கலக்கும்போது குனிந்து முகர வேண்டாம். டிரம்மோ தொட்டியோ, கரைசல் காலியான உடன் உள்ளே தலையை விடவோ இறங்கவோ கூடாது. முப்பது நாள் ஊறும் பஞ்சகவ்யத்தை ஒரு முறை எடுத்து முடித்ததும் அடிக் கசடை எருக்குழியில் கொட்டி, டிரம்மை அன்றே கழுவுங்கள். காய்ந்துவிட்டால் வேலை இரண்டு மடங்கு. 10 லிட்டர் தெளிப்பானுக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் என்பது வழக்கமான 3 விழுக்காட்டு அளவு. துணியில் வடிகட்டியே ஊற்றுங்கள்.

வீட்டுத் தண்ணீர்: டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு டிரம்மின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டை ஒட்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் முட்டை போகாது. உலர்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். வாரம் ஒரு நாள் காலி செய்து, சுவரைத் தேய்த்து, உலர்த்தி நிரப்புங்கள். மூடி இல்லாவிட்டால் நெருக்கமான துணி கட்டுங்கள்.

விதை, தானியம்: உணவு டிரம் மட்டும். கழுவிய பின் இரண்டு நாள் வெயிலில் காய வேண்டும். பயறு விதையின் ஈரப்பதம் 9 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகே அடையுங்கள். ஈரமான டிரம்மில் அடைத்த விதை ஐப்பசி விதைப்புக்கு முளைக்காது.

இரும்பு டிரம், பழைய பால் கேன்

பஞ்சகவ்யத்துக்கு உலோகப் பாத்திரம் கூடாது. மண்பானை, சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம் இவைதான் ஏற்றவை. எண்ணெய், பெயிண்ட், கரைப்பான் வந்த இரும்பு டிரம்மைத் தொட்டியாக்க எண்ணி வெல்டிங் கடையில் வெட்டக் கொடுக்காதீர்கள். காலி டிரம்மில் தங்கியிருக்கும் ஆவி தீப்பொறி பட்டதும் வெடிக்கும். நாட்பட்ட டிரம் என்றாலும் இது நடக்கும்.

அலுமினியப் பால் கேனைச் சலவை சோடா அரித்துவிடும். வெந்நீர், சாதாரண பாத்திரம் கழுவும் சோப்பு, தேங்காய் நார் போதும். எவர்சில்வர் கேனுக்குச் சோடா போடலாம். உள்ளே குழி விழுந்த கேனைப் பாலுக்கு எடுக்காதீர்கள். குழியில் தங்கும் அழுக்குதான் பாலைத் திரிய வைக்கும்.

கழித்துக் கட்டிய கேன்களை என்ன செய்வது?

பூச்சிமருந்து, களைக்கொல்லி கேன் காலியானதும் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுங்கள். மூன்று தடவை செய்தால் மருந்தும் வீணாகாது. இந்த மூன்று அலசல் கேனைக் கழிப்பதற்காக, மறுபடி பயன்படுத்துவதற்காக இல்லை. உடனே அடியில் ஆணியால் குத்தி ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை போட்ட கேனில் யாரும் எண்ணெய் வாங்கப் போக மாட்டார்கள். எரிக்கக் கூடாது. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளும், காலிக் கேன்களை உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும், மறுபயன்பாட்டுக்கு வெளியே விட்டு வைக்கக் கூடாது என்றே சொல்கின்றன. குழி வெட்டும் இடம் கிணற்றுக்கும் கண்மாய் வரத்துக் காலுக்கும் விலகி இருக்க வேண்டும்.

கழுவி முடித்த ஒவ்வொரு டிரம்மின் மேலும் அதன் வேலையை அழியாத பெயிண்டால் எழுதி வையுங்கள்: "குடிநீர்", "ஜீவாமிர்தம்", "களைக்கொல்லி", "விதை". நாளைக்கு அந்த டிரம்மைத் தூக்குபவர் உங்கள் பிள்ளையாகவோ கூலிக்கு வந்தவராகவோ இருக்கலாம். பூர்வீகம் அவருக்கும் தெரிய வேண்டும்.

பயிரில் இலை சுருங்கல் கண்டால் மருந்து வாங்கும் முன், செடியின் கொழுந்துப் பகுதியை எடுத்துக்கொண்டு கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வாருங்கள். கடைசியாக எந்த டிரம்மில் கரைத்து என்ன அடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நேரில் வர முடியாதவர்கள் 1800 180 1551 என்ற கிசான் கால் சென்டர் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.